கத்தரீனா ஜெனரலிடம் கேட்டது

ஓய்வுபெற்ற ஜெனரல் தெல்வத்த இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கப்போகிறார் என்ற செய்தி வந்ததிலிருந்து இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் இருக்கிற தமிழர் வேறொன்றும் கதைக்கவில்லை. போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன் வாங்க நின்றவர்களும் அதைத்தான் கதைத்தார்கள், பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றவர்களும் அதைத்தான் கதைத்தார்கள். இத்தாலியில் இருந்துகொண்டு அந்தத் தேர்தலில் ஒருவரும் வாக்குப் போட முடியாது. ஆனால் இங்கேயிருந்து போனில் என்ன சொல்கிறார்கள் என்று மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள சொந்தக்காரர் காதுகொடுத்துக் கேட்பார்கள். அதனால் வுச்சீரியாச் சந்தை ஓரத்திலிருந்த றோபேட்டின் பலசரக்குக் கடையில் எழும்பின சத்தம் கடல் தாண்டிப் போகக்கூடிய சத்தம்தான்.

"கள்ளர் ஆண்டு நாடு பட்ட பாடு காணும். ஆமிக்காரன் எண்டாலும் ஒழுங்கு தெரிஞ்ச மனுசன்," என்றார் சுவாம்பிள்ளை.

"ஓம், அந்த ஒழுங்கோடைதான் எங்கட சனத்தையும் முடிச்சவங்கள்," என்றான் விமலராஜ். அவனுக்குத் தெல்வத்தவின் பெயரைக் கேட்டாலே முகம் கறுத்துவிடும்.

"ஆர் வந்தாலும் நாளைக்கு நான் சிஞ்ஞோரா வீட்டு நிலந்தான் துடைக்கப்போறன். வழியை விடுங்கோ," என்று இருவரையும் விலத்திக்கொண்டு போனாள் அனிற்றா.

கத்தரீனா அரிசிமாவுப் பையோடு நின்றாள். அவளுக்கு அரசியலில் அக்கறை இல்லை. பொலித்தேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, ஒரு சிஞ்ஞோராவை, பார்க்கும் வேலை, வீட்டில் மகள் மரியா, ஞாயிறு பூசை, இவ்வளவுதான் அவளுடைய உலகம். கடைக்காரன் றோபேட் ஜெனரலுக்காக ஓடித்திரிகிற ஆள். "அக்கா, இதை ஒருக்காப் பாருங்கோ," என்று தன் போனை நீட்டினான். ஜெனரலின் பிரசார வீடியோ. அதில் யுத்தகாலத்துப் புகைப்படம் ஒன்று வந்துபோனது. சவரம் செய்யாத முகத்தோடு, கடலேரிப் பாலத்தடியில், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றார் ஓர் அதிகாரி.

கத்தரீனா பையைக் கீழே வைத்தாள்.

"திருப்பிப் போடு தம்பி," என்றாள். இன்னொரு தரம் பார்த்தாள். "இவர்தான். என்ர பிள்ளையைத் தூக்கினவர் இவர்தான்."

யுத்தத்தின் கடைசி நாட்களில் அவள் மரியாவைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பாலத்தடிக்கு வந்தவள். புருசன் அதற்கு முன்னமே செல்லடியில் செத்துப்போனான். நடை பழகி அதிக காலமாகாத மரியாவின் தொடையைத் துப்பாக்கிச் சன்னம் கிழித்திருந்தது. சனத்தை வரிசையில் உட்காரச் சொல்லி ஆமிக்காரர் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் ஓர் அதிகாரி வந்து இரத்தத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையை அவளிடமிருந்து வாங்கி, தன் ஜீப்புக்கு ஓடி, தாயையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பிள்ளை தப்பியிராது என்று டாக்குத்தர் சொன்னார். அந்த அதிகாரியின் பெயர்கூட அவளுக்குத் தெரியாமலே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இதை ரதியிடம் சொன்னாள். ரதி அவளோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பவள். கிளிநொச்சிப் பெண். நெற்றியில் குங்குமம் அழியாது. புருசன் விக்னராஜா, கத்தரீனா பாலத்தடிக்கு வந்த அதே நாளில் அங்கே ஆமியிடம் சரணடைந்து போனவர், திரும்பி வரவில்லை. செத்தார் என்று சொல்ல ஒருவரும் இல்லாதபடியால் அவள் குங்குமத்தை அழிக்கவில்லை.

"எங்கை, படத்தைக் காட்டுங்கோ," என்றாள் ரதி.

பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் கறி அடிப்பிடித்து மணந்தது. அதையும் கவனிக்கவில்லை.

"அக்கா, அவரை பஸ்ஸிலை ஏத்தினவன் இவன்தான்."

"ரதி..."

"இவனேதான். தமிழிலை கதைச்சவன். 'பேரைப் பதிஞ்சுபோட்டு விட்டிடுவம், பயப்படாதேங்கோ அம்மா' எண்டு எனக்குச் சொன்னவன். நான் நம்பி, அவரின்ர முதுகிலை கையை வைச்சு 'ஏறுங்கோ' எண்டன்."

கத்தரீனா அடுப்பை நிற்பாட்டினாள். அதே நாள், அதே பாலம், அதே மனுசன். ஒருத்திக்குப் பிள்ளையைத் தந்தார், மற்றவளுக்குப் புருசனை எடுத்தார்.

இதற்கிடையில் றோபேட் கதையை ஊரெல்லாம் சொல்லிவிட்டான். வருகிற ஞாயிறு பங்கு மண்டபத்தில் கூட்டம், ஜெனரல் கொழும்பிலிருந்து வீடியோவில் வருவார், கத்தரீனா அக்கா அவருக்கு நன்றி சொல்லி நாலு வார்த்தை கதைக்க வேண்டும் என்று வீட்டுக்கே வந்து கேட்டான். "ஒரு தமிழ்த் தாய் சொன்னால் சனம் கேக்கும் அக்கா."

"அவர் தூக்கினது எனக்கு ஞாபகமே இல்லை," என்று குறுக்கே விழுந்தாள் மரியா. "ஞாபகமில்லாத ஒராளுக்கு ஏன் கிராட்சியே சொல்லவேணும், மம்மா?" சிசிலிக்காரப் பிள்ளைகளைப் போல எல்லாவற்றையும் கையை ஆட்டித்தான் கேட்பாள்.

றோபேட் போன பிறகு கத்தரீனா, "நான் போகேல்லை ரதி," என்றாள்.

"போங்கோ அக்கா. அவர் செய்ததைச் செய்யேல்லை எண்டு சொல்லேலாது. மரியா எங்கட கண் முன்னாலை நிக்கிறாள்," என்றாள் ரதி. "ஆனா என்ர கேள்வியையும் கொண்டுபோங்கோ. நான் கேட்டால் குழறிப்போடுவன். விசரி கத்துறாள் எண்டு சொல்லிப்போட்டு லைனை வெட்டிடுவாங்கள். நீங்கள் நன்றி சொல்ல வந்தவ. உங்களை நிப்பாட்ட மாட்டாங்கள்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. பின்சுவரோடு சாய்ந்து ரதி நின்றாள். திரையில் வந்த ஜெனரல் நரைத்து, மெலிந்து, யாரோ வீட்டுத் தாத்தாவைப் போல இருந்தார். நாட்டை ஒன்றாக்கப்போவதாகச் சிங்களத்தில் சொன்னதை றோபேட் தமிழில் சொன்னான். சுவாம்பிள்ளை தலையாட்டினார். விமலராஜ் கையைக் கட்டிக்கொண்டு கதவடியில் நின்றான்.

கத்தரீனா எழும்பினாள். பாலத்தடியில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "என்ர பிள்ளை உயிரோடை இருக்கிறதுக்கு நீங்கள்தான் காரணம், சேர். உங்களை நான் மறக்கேல்லை."

ஜெனரல் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பிள்ளை சுகமா?" என்று தானாகவே தமிழில் கேட்டார். கூட்டத்துக்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்திருந்த மரியா முன்வரிசையிலிருந்து எழும்பி நின்றாள். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்தது. மண்டபம் கைதட்டியது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை என்றுதான் கத்தரீனாவுக்கும் பட்டது. அதனால் அடுத்ததைக் கேட்பது இன்னும் பாரமாக இருந்தது.

"இன்னொண்டு கேக்கவேணும், சேர். அண்டைக்கு நீங்கள் ஆம்பிளையளை பஸ்ஸிலை ஏத்தினீங்கள். அதிலை விக்னராஜா எண்டொருத்தர் போனவர். அவரின்ர மனுசி இந்த மண்டபத்திலை நிக்கிறா. அந்த பஸ் எங்கை போனது?"

கைதட்டல் அப்படியே அறுந்துபோனது. றோபேட் அதைச் சிங்களத்தில் சொல்லவில்லை.

"சொல்லு தம்பி."

சொல்லத் தேவையிருக்கவில்லை. ஜெனரலுக்கு விளங்கியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிங்களத்தில் எதையோ மெதுவாகச் சொன்னார். றோபேட் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னான்: "எத்தினையோ பஸ் போனதாம். தன்ர பொறுப்பு பாலத்தோடை முடிஞ்சுதாம்."

"பாலத்துக்கு அங்காலை ஆரின்ர பொறுப்பு?"

ஜெனரல் பதில் சொல்ல வாய் திறந்தார். பக்கத்திலிருந்து யாருடையவோ கை ஒன்று திரையில் தெரிந்தது. படம் நின்றுபோனது.

மறுநாள் கத்தரீனா நன்றி சொன்னதும் ஜெனரல் கண் துடைத்ததும் மட்டும் ஊரெல்லாம் போன்களில் ஓடியது. கேள்வியை யாரோ வெட்டிவிட்டார்கள். "நான் வெட்டேல்லை அக்கா, அங்கை கொழும்பிலைதான்," என்றான் றோபேட். சந்தையில் ஒரு பகுதி அவளைச் செய்நன்றி இல்லாதவள் என்றது, மற்றப் பகுதி விலைபோனவள் என்றது. மன்னாரிலிருந்து அவளுடைய தம்பி போன் எடுத்து, "அக்கா, நீங்கள் சொன்னபடியால் எங்கட ஒழுங்கைச் சனமே அவருக்குத்தான் வோட்டுப் போடப்போகுது," என்றான்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வேலை முடிந்து வந்து ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் போன் எடுத்தாள். "அவர் என்ர பிள்ளையைக் காப்பாத்தினவர், அது உண்மை. ரதியின்ர மனுசனை ஏத்தி அனுப்பினவர், அதுவும் உண்மை. ரெண்டையும் கேட்டுப்போட்டு உங்கட மனம் சொல்லுறபடி போடுங்கோ." இன்னாருக்குப் போடு என்று யாருக்கும் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல அவளுக்கே தெரியவில்லை.

தேர்தலில் தெல்வத்த படுதோல்வி. விமலராஜ் சந்தியில் கேக் வெட்டி, ஒரு துண்டை ரதிக்கும் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"உனக்குச் சந்தோசம் இல்லையோ?" என்று கத்தரீனா வீட்டில் கேட்டாள்.

"வோட்டு வேணும் எண்டபடியால்தான் எங்கட முகத்தைப் பாத்தவர், அக்கா. இனிக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திடுவார். நான் ஆரிட்டைக் கேக்கிறது?"

கத்தரீனா நேரே றோபேட்டின் கடைக்குப் போனாள். ஜெனரலின் நம்பரைக் கேட்டாள். அவன் மறுத்தான். அவள் கடையை விட்டுப் போகவில்லை. கடைசியில் ஜெனரலின் வீட்டு நம்பரைத் தந்தான். ரதி தானே எடுத்தாள். ஒரு பெண்குரல் அவர் நித்திரை என்றது. மற்ற நாள் வெளியே போய்விட்டார் என்றது. ரதி விடவில்லை. வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து எடுத்தாள், தான் வேலை செய்யும் சிஞ்ஞோராவின் பல்கணியில் நின்று எடுத்தாள்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கத்தரீனா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, அவரே போனைத் தூக்கினார். ரதி தன் பெயரையும் விக்னராஜாவின் பெயரையும் சொன்னாள். அழவில்லை. பிறகு அவர் பேசினார், ரதி கேட்டாள். "ஏன்?" என்று ஒரேயொரு தரம் கேட்டாள். மறுபக்கத்தில் போன் வைக்கப்பட்டது.

"என்னவாம்?" என்றாள் கத்தரீனா.

"கையெழுத்து வைச்சு ஆக்களைக் குடுத்தவராம். அதுக்குப் பிறகு எங்கை கொண்டுபோனவை எண்டு தெரியாதாம்." ரதி போனை மேசையில் வைத்தாள். "அவர் கேக்கேல்லையாம், அக்கா. இவ்வளவு காலமா ஒருத்தரிட்டையும் கேக்கேல்லையாம்."

அவள் குசினி நிலத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பலெர்மோவுக்கு வந்த நாளிலிருந்து அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தார்கள். மரியா ஓடிவந்து வாசலில் நின்றாள். கத்தரீனா சோற்றுப்பானையை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ரதியின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.