லைனிங்குக்குள் ஒரு கார்டு

கோட்டின் இடது கை மட்டும் குண்டூசியில் தொங்கியது. மற்றதையெல்லாம் முடித்துவிட்டுத் தையல்காரி மிஷின்மேல் கை வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தாள். கோட்டுக்காரர் சாயங்காலம் வந்துவிடுவார்.

"கையை ஏன் இன்னும் ஏத்தலை?" என்றார் கடை முதலாளி.

"சம்பளம் வரட்டும் சார்."

"அடுத்த வாரம் தரேன்னு சொன்னேன்ல."

முதலாளி கெட்டவர் இல்லை. சம்பள நாளில் மட்டும் அவருக்குக் காது மந்தமாகிவிடும். வேறு சமயமாக இருந்தால் அவளும் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பாள். இந்த வருடம் அதற்கு வழியில்லை.

வேன் ஓட்டும் கணவன் படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டபோது ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அவளுடைய கிரெடிட் கார்டில் ஏறியது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினாள். அது வட்டிக்கே சரியாகப் போனது. அசல் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வட்டியைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று வங்கிக்குப் போன் செய்து கெஞ்சியும் பார்த்தாள். "அப்படி ஒரு திட்டமே இல்லைங்க மேடம்" என்றது ஒரு பெண்குரல், தேன் ஒழுக.

பிறகு வேறொரு வங்கி புதுக் கார்டு கொடுத்தது. பழைய கடனை அதற்கு மாற்றக் கட்டணம் உண்டு, ஆனால் ஒரு வருடத்துக்கு வட்டி கிடையாது. ஒரு தவணை தவறினால் சலுகை போய்விடும். அந்தக் கார்டில் புதிதாக எதை வாங்கினாலும் அதற்கு வட்டி உண்டு. கடனை அதற்கு மாற்றி, பழைய கார்டை மூடிவிட்டு, மாதத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டாள். பிறகு புதுக் கார்டைக் கணவனின் பழைய கோட்டின் உள்துணியான லைனிங்குக்குள் வைத்து நெருக்கமாகத் தைத்துவிட்டாள்.

"வேணும்னா பிரிச்சு எடுத்துக்கோங்க. பிரிச்சா எனக்குத் தெரியும்" என்றாள்.

அவனுடைய போன் உடைந்தபோது கோட்டை ஒருமுறை தடவிப் பார்த்தான். அப்புறம் போனுக்கு டேப் ஒட்டிக்கொண்டான்.

இப்போது பாக்கி இரண்டே தவணை.

"நாளைக்குக் கட்டணும் சார். தவறினா மிச்சத்துக்கெல்லாம் பழையபடி வட்டி. என்னால முடியாது."

மூலையில் இஸ்திரிக்காரர் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தார்.

"உனக்கு என்னய்யா?"

"எனக்கும் சம்பளம் வரலையே சார். அதோட, ஒத்தைக் கை கோட்டை நான் எப்படித் தேய்க்கிறது?"

முதலாளி வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மேஜை டிராயரைத் திறந்தார். பணம் அங்கேதான் இருந்திருக்கிறது. தையல்காரி வாங்கி இரண்டு முறை எண்ணினாள். பத்திரப்படுத்திக்கொண்டு கையை மிஷினில் ஏற்றினாள்.

கடைசித் தவணையும் போய்ச் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் அந்தப் பழைய கோட்டை மடியில் போட்டுத் தையலைப் பிரித்தாள். கணவன் பக்கத்தில் உட்கார்ந்து, பிரிந்த நூலைப் பொறுக்கினான். போன் அடித்தது. பழைய வங்கி. அதே தேன்குரல்.

"மேடம், உங்களுக்காக ஒரு சிறப்புச் சலுகை. எங்க கார்டுக்கு மாறினா ஒரு வருஷம் வட்டியே இல்லை."

"உங்க கார்டைத்தாம்மா ரெண்டு வருஷம் வச்சிருந்தேன். கேட்டப்ப அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னியே."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "அது புது வாடிக்கையாளருக்கு மட்டும் மேடம். நீங்க கார்டை மூடிட்டீங்க, அதனால இப்ப நீங்க புதுசு."

தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகள் அந்தச் சிரிப்பில் போயின.

"வேண்டாம்மா. ஞாயித்துக்கிழமைகூட வேலையா? சாப்பிட்டியா?"

குரலில் தேன் வற்றியது. "இன்னும் இல்லைக்கா. இன்னும் நாலு பேரையாவது சேர்த்துவிட்டாத்தான் சீட்டைவிட்டு எந்திரிக்க விடுவாங்க."

போனை வைத்துவிட்டு, கார்டை எடுத்துக் கணவனிடம் கொடுத்தாள். அவன் கத்தரிக்கோலைத் தேடினான். அவள் ஊசியில் நூல் கோத்து, உள்ளே ஒன்றுமில்லாத லைனிங்கை மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.