ட்ரெபிளைத் திருடியது யார்?

ராய்ஸ் டாக்கெட் தன் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை என் ரிப்பேர் மேசைமேல் வைத்த பிறகும் கைப்பிடியை விடவில்லை. பேக்கர்ஸ்ஃபீல்டில் சனிக்கிழமை நடனங்களுக்கு கிட்டார் வாசிப்பவன். அவன் வயதை ஒட்டிய பழைய ஆம்ப் அது, கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடுவது.

"சத்தம் செத்துப்போச்சுய்யா. வால்வு மாத்தக் குடுத்தப்ப அந்த கிளிஃப்டன் பய பழைய சாமானையெல்லாம் உருவிட்டு டூப்ளிகேட்டப் போட்டிருக்கான்."

"கைய எடு, பாத்துடலாம்."

உள்ளே தங்கியிருந்த மின்சாரத்தை வடித்துவிட்டுப் பின்பலகையைக் கழற்றினேன். அவன் என் தோள்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். டிரான்ஸ்பார்மரில் ஆரம்பித்து எல்லாம் பழையவைதான். ஆனால் கூர்மையான ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் குமிழுக்குப் பின்னால் மட்டும் ஈயம் புதிதாக மின்னியது. அங்கே ஒரு சின்ன கெப்பாசிட்டர். அந்த ஒலியை ஸ்பீக்கருக்குப் போகவிடாமல் வழியிலேயே வடித்துவிடும்.

"பாத்தியா! அவன் வேலதான்!"

"கிளிஃப்டன் இப்படியா பத்தவைப்பான்? காக்கா எச்சம் போட்ட மாதிரி இருக்கு."

ராய்ஸ் மெதுவாக என் பக்கம் திரும்பினான். "ஆம்ப் ஒங்கிட்டயும் இருந்துச்சுல்ல, போன தடவை?"

"போய்யா. நான் செஞ்சிருந்தா உனக்குத் தெரிஞ்சே இருக்காது."

 பிறகு தன் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் டுவேனைச் சந்தேகப்பட்டான். ராய்ஸின் இடத்துக்கு டுவேன் தன் தம்பியைக் கொண்டுவரப் பார்க்கிறானாம். வாசலில் நின்றிருந்த ராய்ஸின் மனைவி வெர்னா உள்ளே வந்தாள்.

"ஊரையே திட்டாத. நான்தான் வச்சேன். வீடியோ பாத்து."

"ஷாக் அடிச்சுச் செத்திருப்பியேம்மா!" என்றேன். அவள் ராய்ஸ் பக்கம் திரும்பினாள்.

"முன்வரிசையில உக்கார்றவங்க காதப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போறாங்க, ராய்ஸ். கெட்டில் விசிலடிக்கிறது உனக்குக் கேக்குதா? நீ ட்ரெபிளக் கூட்டிக்கிட்டே போற."

அவன் கெப்பாசிட்டரைச் சுட்டிக் காட்டினான். "அத வெட்டி எடுய்யா. இப்பவே."

எடுத்தேன். மூடிவிட்டு கிட்டாரைச் செருகிக் கொடுத்தேன். குமிழைக் கடைசிவரை திருகி ஒரு தந்தியை இழுத்தான். என் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. திறந்தபோது அவன் தந்தியை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குத்துதா?"

"குத்துது."

"எனக்கு இப்பத்தான் சரியா இருக்கு." திரும்ப இழுத்தான், மெதுவாக.  பிறகு ஆம்பின் ஸ்விட்சை அணைத்தான்.

"திரும்ப வச்சிரு. இந்த தடவை ஒழுங்கா. பின்னாடி ஒரு ஸ்விட்ச் போடு. வீட்டுல எனக்கு, மேடையில அவங்களுக்கு."

அவன் சொன்னபடியே வேலையை முடித்துக் கொடுத்தேன். கிளம்பும்போது, "வேற எதையாச்சும் மறைக்கிறியா?" என்று அவளைக் கேட்டான்.

"பீன்ஸ்ல உப்பக் கொறச்சு ரொம்ப நாளாச்சு."

"அதானே பாத்தேன்!" என்று கத்திக்கொண்டே ஆம்பைத் தூக்கினான். அடுத்த முனையை அவள் பிடித்துக்கொண்டாள்.