கண்ணாடியில் ஒட்டிய பதினேழு

நான் எழுதுகிற நாவலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். சாயங்கால லாட்டரிக் குலுக்கலில் விழுகிற எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் எதுவோ, அதுதான் என் கதாநாயகன் பெனிக்னோவின் தலையெழுத்து. எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மொண்டேவீடியோ நகரத்தில் பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லும். பதினான்கு குடிகாரன், இருபத்திரண்டு பைத்தியம், நாற்பத்தேழு பிணம், அறுபத்துமூன்று கல்யாணம். பெனிக்னோவுக்கு இதுவரை இரண்டு கல்யாணம் ஆகிவிட்டது, ஐந்து தரம் பைத்தியம் பிடித்துவிட்டது. என்னைக் கேட்டால்? விழுந்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

"உங்க ஆளு இன்னும் உசுரோட இருக்கானா?" என்பாள் லாட்டரிக் கடை நில்டா, அன்றைய எண்ணைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே.

"நாப்பத்தேழு விழுற வரைக்கும் இருப்பான்மா."

"நல்ல பொழப்பு ஐயா உங்களுது. மூளையைக் கழட்டி வச்சிட்டே கதை எழுதலாம்."

நாள் முழுக்க என்னிடம் வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள் அவள்தான். சில நாள் எண்ணுக்காகப் போவேன், பல நாள் இந்தக் கிண்டலுக்காகவே போவேன்.

ஏப்ரல் கடைசியில் என் மகள் யானினாவிடமிருந்து செய்தி வந்தது. மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. அவள் அம்மாவின் அடக்கத்துக்கு நான் போகவில்லை. என்னை விட்டுப் போனவள்தானே என்ற வீம்பு. 'ரெண்டாம் தேதி விடியக்காலம் ஸ்பெயினுக்குக் கிளம்பறேன். இனிமே திரும்பி வர மாட்டேன். ஒண்ணாம் தேதி பூரா வீட்லதான் இருப்பேன். வாங்கப்பா.'

போகவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் கதவைத் திறந்து, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டால்? எனக்குப் பயம். உடனே பெனிக்னோவுக்கும் ஒரு மகளைக் கொடுத்தேன். ஒன்றாம் தேதி எண் நல்லதாக இருந்தால் அவன் மகளைப் பார்க்கப் போவான். அவன் போனால் நானும் போவேன்.

ஒன்றாம் தேதி சாயங்காலம் நில்டாவின் கடை பூட்டியிருந்தது. கண்ணாடியில் பதினேழு. பதினேழென்றால் கேடு. அப்பாடா என்றிருந்தது, மறைப்பானேன். வீட்டுக்கு வந்து மாத்தே இலையில் வெந்நீரை ஊற்றி உறிஞ்சிக்கொண்டே, பெனிக்னோ வாசலைத் தாண்டவில்லை என்று எழுதினேன்.

மறுநாள் மதியம் நில்டா அந்தச் சீட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்து விழுந்த பதினேழு என் ஆளைக் கவுத்திருச்சும்மா."

"நேத்து ஏது குலுக்கல்? மே ஒண்ணாச்சே, ஊர்ல பஸ்ஸே ஓடல. இது முந்தாநாள் எண்ணு, கிழிக்காம விட்டுட்டேன். உங்களுக்குத் தெரியாதா?"

"மறந்துட்டேன்மா."

மறக்கவில்லை. தொழிலாளர் ஊர்வலம் முடிந்து கொடியும் கையுமாகத் திரும்பிக்கொண்டிருந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் கடைக்குப் போனேன். முந்தாநாள் நில்டா அந்தப் பதினேழை ஒட்டும்போது நானும் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். யானினாவின் வீடு இருபது தெரு தள்ளித்தான். நடந்தே போயிருக்கலாம்.