அப்பா பார்க்கும் கொரியப் படங்கள்

...இலவசம் என்பதற்காக வருகிற ஆளும் இல்லையே அவர், சும்மா கிடைக்கிறது என்றால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர், பிறகு எதற்கு ஆறு சனிக்கிழமையாக ஒன்று விடாமல் வந்து, மூன்றாவது வரிசை ஓரத்தில், குடையை மடியில் வைத்துக்கொண்டு கொரியப் படம் பார்க்கிறார்? அப்பாவும் கொரியப் படமும்! வீட்டில் டி.வி. போட்டால் கண் வலிக்கிறது என்று எழுந்து போகிறவருக்கு இங்கே இரண்டரை மணி நேரம் கண் வலிப்பதில்லையாம், நல்ல கண்தான்... அவள் விசையைத் தட்டினாள், வரி நானூற்று மூன்று, திரைக்குக் கீழே இருந்த நீளப் பட்டையில் 'மழை விட்டதும் கிளம்பலாம்' என்று வந்தது. அதுதான் அவள் வேலை. அருங்காட்சியகத்தின் சின்ன அரங்கு, ஒரே கொரிய இயக்குநரின் எட்டுப் படங்கள், வாரம் ஒன்று, பழைய சுருள்கள் என்பதால் படத்திலேயே எழுத்து வராது, மொழிபெயர்த்த வரிகளை ஒருவர் கடைசி வரிசைக்குப் பின்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிவிட வேண்டும். அவளுக்குக் கொரிய மொழியில் ஓர் அட்சரம் தெரியாது. காதை வைத்துத்தான் பிழைப்பு. ஒவ்வொரு படத்தையும் முன்கூட்டியே நாலு தடவை ஓட்டிக் கேட்டு, இங்கே இருமுவான், இங்கே தம்ளரை வைப்பாள், இங்கே கதவு அறையும் என்று வரிகளுக்குப் பக்கத்தில் குறித்து வைத்திருப்பாள்.

வேவு பார்க்க வருகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள், பெட்டியோடு வந்து இறங்கிய மகள் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று... ஆனால் கணக்கு உதைத்தது, கணவன் வீட்டை விட்டு அவள் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, இவர் முதல் படத்திலிருந்தே வருகிறார். நானூற்று ஆறு. அவன் அடிக்கிறவனாக இருந்தால் எடுத்துச் சொல்வது சுலபம், அவள் என்ன சொன்னாலும் சிரித்து மழுப்பிவிட்டுக் கடைசியில் தன் இஷ்டப்படியே செய்கிறவனைப் பற்றி யாரிடம் என்னவென்று சொல்வது, பத்து வருஷம் அப்படியே ஓடிவிட்டது. நானூற்று ஏழு. அப்பாவிடம் நீயே சொல்லிக்கோ, நான் நடுவில் வரமாட்டேன் என்று அம்மா நைசாகக் கழன்றுகொண்டாள். போன ஞாயிறு அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார், இவள் வாசற்படியில் நின்றபடியே சொன்னாள், அப்பா, நான் இனிமே அங்க திரும்பிப் போகப் போறதில்லை. பிரஷ் ஒரு நொடிகூட நிற்கவில்லை. இடது ஷூ முடிந்தது, வலது ஷூவை எடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பெற்ற மகள் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது திரும்பிக்கூடப் பார்க்காத முதுகு, அதுதான் பதில், வேறென்ன பதில் வேண்டும்... அன்று சாயங்காலமே கணவனுக்கு ஃபோன் செய்து வரச் சொல்லிவிட்டாள். நாளைக் காலை பத்து மணிக்குக் கார் வந்துவிடும். பெட்டியும் கட்டியாயிற்று. அப்பாவே வேண்டாம் என்ற பிறகு எந்த முகத்தோடு அங்கே இருப்பது?

நானூற்றுப் பதினொன்று, 'சாப்பிட வா'. அப்போதுதான் அரங்குக்குள் ஒரு ஃபோன் மணி அடித்தது. மெல்லிசு மணியில்லை, பள்ளிக்கூடம் விடுகிற மாதிரி கணகணவென்று. தலைகள் திரும்பின. அந்த மணி அவளுக்குத் தெரியும், அவளே வைத்துக் கொடுத்தது, இருக்கிறதிலேயே பெரிய சத்தமா வைம்மா என்று அப்பா கேட்டபோது, ஊரையே கூட்டணுமா உங்களுக்கு என்று கேலி செய்துகொண்டே வைத்தது. சரி, எடுத்து அணையுங்கள்... மணி அடிக்கிறது. அவர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். உஷ் என்கிறார்கள். பின்வரிசைக்காரர் முன்னால் குனிந்து, பெரியவரே, ஃபோன், என்கிறார், இரண்டு தடவை, அவர் தலை அசையவே இல்லை. பக்கத்திலிருந்த பெண் பொறுக்க முடியாமல் முழங்கையைத் தொட்டாள். அப்பா திடுக்கிட்டுத் திரும்பி, அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்து, அவள் வெளியே போக வழி கேட்கிறாள் என்று நினைத்துக் குடையை எடுத்துக் காலை மடக்கிக்கொண்டார். அவள் அவர் சட்டைப் பையைக் காட்டினாள்.

யாரோ சிரித்தார்கள், அப்புறம் அரங்கமே சிரித்தது, அப்பாவைப் பார்த்தா, இல்லை, திரையைப் பார்த்து... திரையில் புருஷனும் பெண்டாட்டியும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, தட்டு ஒன்று பறந்து சுவரில் மோதிக்கொண்டிருக்க, கீழே அதே 'சாப்பிட வா' நின்றுகொண்டிருந்தது. ஐயையோ. எந்த வரி, எங்கே விட்டாள்? தட்டு உடைவது நானூற்று முப்பதா? விட்டுவிடு, கதவு வரட்டும், கதவு அறையும் சத்தத்துக்கு நானூற்று முப்பத்தெட்டு... கதவு அறைந்தது, தட்டினாள், பிடித்துவிட்டாள். அந்த ஒரு நிமிஷம், கத்துகிறவர்கள் என்ன சொல்லிக் கத்துகிறார்கள் என்று இந்த அரங்கில் ஒருவருக்கும் தெரியாது, எத்தனை நல்ல காது இருந்தாலும் தெரியாது, எழுத்து வந்தால்தான் உண்டு. அதுதானா அப்பா? முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் காதைப் பிளக்கிற இயந்திரங்களுக்கு நடுவே நின்ற மனிதர். எல்லோரும் உங்களைப் போலவே உட்கார்ந்திருக்கிற ஒரே இடம் என்றுதான் வருகிறீர்களா? கூப்பிட்டால் காதில் போட்டுக்கொள்வதே இல்லை என்று அம்மா தினமும் கரித்துக் கொட்டுகிறாளே, அப்போதும் சிரித்துக்கொண்டு போகிறீர்களே... பிரஷ் நிற்கவில்லை. நிற்காது. எப்படி நிற்கும்?

விளக்குகள் பாதிதான் போட்டார்கள். கூட்டம் கலையட்டும் என்று அவர் வரிசையிலேயே நின்று குடையின் வாரைக் கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்று, அப்பா, என்றாள். வார் சரியாக மாட்டவில்லை, மறுபடி இழுத்தார். இன்னொரு தடவை, வீட்டில் பேசுவதைவிடச் சத்தமாகவே கூப்பிட்டாள். பிறகு தோளைத் தொட்டாள். திரும்பினார், அந்தச் சிரிப்போடு, கண் அவள் கண்ணுக்கு வரவில்லை, நேராக உதட்டில் வந்து நின்றது.

"நடுவுல எழுத்து நின்னு போச்சேம்மா. அவங்க ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போட்டாங்கன்னே எனக்குத் தெரியல."

அவளுக்கு அழுகையும் வந்தது, அழுகையோடு ஒரு நிம்மதியும், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவருக்கு இன்னும் தெரியவே தெரியாது, இப்போது சொன்னால் போதும், அதே ஒரு வரிதான்... வாயைத் திறந்தாள், வரவில்லை. அன்றைக்கு எவ்வளவு சுலபமாக வந்தது. வாசற்படியிலிருந்து ஜன்னலுக்கு ஐந்து எட்டு வைத்தால் போதும், முன்னால் போய் உட்கார்ந்து சொல்லியிருக்கலாமே, ஏன் போகவில்லை? அவர் ஷூவை எடுத்து உட்காரும்வரை காத்திருந்தாளே, அது எதற்கு? நாளைப் பத்து மணிக்குக் காரில் ஏற அவளிடம் இருந்த ஒரே காரணம் அந்த முதுகுதான், அதை அவராகவா காட்டினார், இல்லை இவளாகத் தேடிப் போய் எடுத்துக்கொண்டாளா...

"என்னமோ சொல்ல வந்தியே," என்றார் அப்பா. "இங்க இருட்டா இருக்கு. வெளிச்சத்துல வந்து சொல்லும்மா."

அவள் முழங்கையைப் பிடித்து, வாசல் பக்கம் எரிந்துகொண்டிருந்த விளக்கை நோக்கி மெதுவாக நடக்க ஆரம்பித்தார்.