ஓடைன்னே எழுது

அப்பாவின் தலைமாட்டில் அம்மா. கால்மாட்டில் அண்ணி, கையில் விசிறியோடு. வாசலை அடைத்து நாற்காலி போட்டு அண்ணன். சுவரோரப் பெஞ்சில் பக்கத்து வீட்டுத் தையல்காரர். ஜன்னலடி மேசையில் அவள், பேனா மூடியைக் கழற்றியபடி.

“சாவு வீட்டுல என்ன எழுத்து வேண்டிக் கெடக்கு?” என்றான் அண்ணன்.

“ஆட்சேபணை. தபால்ல சேர்க்க இன்னிக்குத்தான் கடைசி நாள்.”

“ஆட்சேபிச்ச ஆளே போயாச்சு. அந்தச் சாக்கடைக்கு நீ வாரிசா?”

வீட்டுக்குப் பின்னால் ஓடுவதை நகராட்சி நோட்டீஸும் சாக்கடை என்றுதான் சொன்னது. சாக்கடை என்றால் கான்கிரீட் போட்டு மூடிவிடலாம். மேலே கடைகள் கட்டலாம். மூடும் கான்ட்ராக்ட் அண்ணனுக்கு. தெருவில் அப்பா ஒருவர்தான் சம்மதிக்கவில்லை. நேற்று மாலை மூச்சு வாங்க வாங்கச் சொன்னார், அவள் எழுதினாள். “ஓடைன்னே எழுதும்மா” என்றவர் அதற்கு மேல் பேசவில்லை.

அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

‘குன்றின் பாறையிடுக்கில் ஊறி, வழியில் சிற்றோடைகளைச் சேர்த்துக்கொண்டு இறங்குவது இது. நாணலும் நண்டும் நீர்நாயும் இருந்த கரை. ஆட்கள் வந்து வயல் திருத்தினார்கள். பிறகு தோல் பதனிட்டார்கள். பிறகு வீடு கட்டிக் கழிவுக்குழாயைத் திருப்பினார்கள். எங்கள் வீட்டுக் குழாயும் இதில்தான் விழுகிறது. அதற்காகப் பெயரை மாற்ற முடியாது. இதைச் சொன்னவர் இன்று காலமானார். கீழே கையெழுத்திடுவது அவர் மகள்.’

அண்ணன் எட்டிப் படித்தான். “மூக்கப் பொத்திக்கிட்டு வளர்ந்தவ, இப்ப ஓடையாம் ஓடை!”

“நாறவிட்டது நாமதானே.”

“அத அனுப்பினா, அப்பாவத் தூக்க நான் தோள் குடுக்க மாட்டேன். சொல்லிட்டேன்.”

அண்ணியின் விசிறி நின்றது.

“தோள் அளவெடுத்தே பொழைக்கிறவன், தம்பி, நான்,” என்றார் தையல்காரர். “ஆள் சேத்துடலாம்.”

“உங்க வேலையப் பாருங்க!”

அவள் கையெழுத்திட்டுத் தாளை உறையிலிட்டாள். உறையின் பசை காய்ந்துபோய் ஒட்ட மறுத்தது. காலையிலிருந்து வாய் திறக்காத அம்மா கையை நீட்டி அதை வாங்கினாள். அப்பா மிச்சம் வைத்திருந்த தம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து, ஓரம் முழுக்கத் தடவி, மடித்து அழுத்தினாள். தையல்காரரிடம் கொடுத்தாள்.

அண்ணன் நாற்காலியை நகர்த்தவில்லை. அவர் உறையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்காலியோர இடுக்கில் சுவரை உரசியபடி வெளியே போனார்.