வெளியே என்றொரு நாய்

பிரிக்பீல்ட்ஸில், ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில், லோகேஸ்வரியின் மகள் வாணி வீட்டு ஹாலுக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலேகால் மணிக்கு மழை பெய்தது. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில், ஒரு பாய் விரித்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடத்தில் மட்டும் பெய்தது. சோபா நனையவில்லை. கீழே எட்டாவது மாடிக்கு ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. நடுவில் படுத்திருந்த நாய் மட்டும் நனைந்தது, நனைந்தபடியே தூங்கியது. இருபது நிமிடத்தில் மழை விட்டு, அதே இடத்தில் வெயில் அடித்துத் தரை காய்ந்தது. லோகேஸ்வரி அப்போது பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வாணி, துணி ஏதும் கிடக்கான்னு பாரு" என்றாள்.

அந்த நாய்க்குப் பெயர் வெளியே. யாரும் வைத்த பெயர் இல்லை, அதுவாக எடுத்துக்கொண்ட பெயர். பதினோரு வருடத்துக்கு முன் அவர்கள் கிள்ளானில் தாமான் என்கிற குடியிருப்பு வரிசையில் ஒரு வீட்டில் இருந்தார்கள். லோகேஸ்வரியின் கணவர் சபாபதி லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். கேரி தீவில் செம்பனைக் காட்டோரமாக லோரியை நிறுத்தி, கட்டிக் கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால், அவர் சீட்டில் ஒரு பழுப்புக் குட்டி உட்கார்ந்திருந்தது. இறக்கிவிட்டார், ஏறியது. மறுபடி இறக்கிவிட்டார், மறுபடி ஏறியது. வேறு வழியில்லாமல் கொண்டுவந்தவர், வீட்டு கேட்டைத் திறக்கும் முன்பே சட்டம் போட்டுவிட்டார். நாய் என்றால் வாசலோடு சரி, நிலைப்படியைத் தாண்டக் கூடாது, சாமி படம் இருக்கிற வீடு. குட்டிக்குச் சட்டம் தெரியுமா? காலை எடுத்து உள்ளே வைக்கும், அவர் "வெளியே!" என்று கத்துவார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. வாணி அதைப் பிரௌனி என்று கூப்பிட்டுப் பார்த்தாள். லோகேஸ்வரி ராசா என்று கூப்பிட்டாள். அது காதைக்கூட அசைக்கவில்லை. சபாபதி "வெளியே" என்று கத்தினால் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து அவர் காலடியில் நின்றது. அவர் இன்னும் பலமாகக் கத்தினார், அது இன்னும் உள்ளே வந்தது.

"நீங்க கூப்பிடுறீங்க, அது வருது. அப்புறம் அதை ஏன் ஏசுறீங்க?" என்றாள் லோகேஸ்வரி.

"நான் எங்கடி கூப்பிடுறேன்? துரத்துறேன்!"

"அது அதுக்கு எப்படித் தெரியும்?"

கடைசிவரை அதற்குத் தெரியவில்லை. ஊசி போடக் கொண்டுபோன இடத்தில் பெயர் கேட்டபோது, லோகேஸ்வரி ராசா என்றாள், நாய் சுவரைப் பார்த்தது. வாசலில் நின்ற சபாபதி தாங்க முடியாமல் வெளியே என்று முனகினார். மேசையிலிருந்து குதித்து அவரிடம் ஓடியது. டாக்டர் அதையே எழுதிக்கொண்டார். நகராண்மைக் கழகத்து லைசென்ஸிலும் அந்தப் பெயர்தான் வந்தது. அதன் பிறகு யாரும் வேறு பெயர் தேடவில்லை. நாயும் பேருக்கு ஏற்றபடி பதினோரு வருடம் வாசலில்தான் வாழ்ந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபாபதி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அதன் காது மடலில் உண்ணி பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுவார். போடும்போதும் ஏசிக்கொண்டே இருப்பார். மழை பிடித்தால், நனையாத பக்கம் நகர்ந்து படுத்திருக்கிறதா என்று பத்துத் தடவை ஜன்னலைத் திறந்து பார்ப்பார். உள்ளே மட்டும் விடமாட்டார். சொன்ன சொல் சொன்ன சொல்தான்.

பிறகு சபாபதிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கை கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாம், பேச்சு எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். மூன்றாம் நாள் பேச்சு வந்தது. ஒரே ஒரு சொல்லாக வந்தது. வெளியே. தண்ணீர் வேண்டுமானாலும் வெளியே, முதுகு வலித்தாலும் வெளியே. நாற்பது வருடம் அவர் பேச்சைக் கேட்டுப் பழகிய லோகேஸ்வரி, அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே பதினேழு சொல்லைப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டாள். இழுத்துச் சொன்னால் தலையணை. வெட்டிச் சொன்னால் கழிவறை. கடைசியில் தூக்கிச் சொன்னால், வாணி வேலை விட்டு வந்துவிட்டாளா.

கை கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போய்வரப் பக்கம் என்று வாணி இருவரையும் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துக்கொண்டாள். அங்கே லிஃப்ட் பக்கத்தில் கண்ணாடிக்குள் ஒரு நோட்டீஸ் தொங்கியது. பூனை வைத்துக்கொள்ளலாம், நாய்களைக் கட்டடத்தின் உள்ளே வைத்திருக்கக் கூடாது. வாணியிடம் ஏற்கெனவே கோப்பி என்று ஒரு பூனை இருந்தது. அந்த ஒன்பதாவது மாடியிலேயே வளர்ந்து, மண் என்றால் தொட்டியில் கொட்டும் மணல் மட்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்த பூனை. நாயைப் பழைய வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் முகுந்தனிடம் விட்டுவிட்டு வந்தார்கள்.

புது வீட்டில் சபாபதி அந்தச் சொல்லைப் பதினேழிலும் சேராத ஒரு விதத்தில் சொல்ல ஆரம்பித்தார். தணிந்த குரலில், இரண்டு தடவை, வாசல் கதவைப் பார்த்து. அப்பாவுக்கு வெளியே போக ஆசை என்று வாணி சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே தள்ளிக்கொண்டு போனாள். கோயில் தெருவைக் காட்டினாள், பூக்கடையைக் காட்டினாள், மோனோரயிலைக் காட்டினாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "வெளியே, வெளியே" என்றார். இதற்கு மேல் எங்கேதான் போவது? பிறகு கரண்டி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று வாரத்தில் சட்டை தோளிலிருந்து வழுக்க ஆரம்பித்தது. இப்படியே போனால் குழாய் வைத்துத்தான் ஊட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, துண்டைப் பிழிந்துகொண்டிருந்த லோகேஸ்வரியின் கை நின்றது.

"வாணி, அவர் பேர் சொல்றாருடி."

"யார் பேரை?"

"நாயோட பேரை."

"அம்மா, அப்பாக்கு அதைக் கண்டாலே ஆகாது!"

"பதினோரு வருசமா ஒரு நாளைக்கு நாப்பது தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காரு. கட்டின நாள்லேருந்து என்னை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்ல."

மறுநாள் முகுந்தன் வேனில் நாயைக் கொண்டுவந்து, ஒரு தள்ளுவண்டியில் உட்காரவைத்து, மேலே போர்வையைப் போர்த்தி, அழுக்குத் துணி மூட்டை மாதிரி லிஃப்ட்டில் ஏற்றினார். நாய் வாசல்வரை வந்து நின்றுவிட்டது. லோகேஸ்வரி வா என்றாள், வாணி வா என்றாள், முகுந்தன் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார். யாரும் ஏசாமல் ஒரு வீட்டுக்குள் நுழைவது எப்படி என்று அதற்குத் தெரியவில்லை. ஹாலிலிருந்து சபாபதி "வெளியே" என்றார். பிறகுதான் வந்தது. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தது. அன்றுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. நாலேகாலுக்கு மழை வந்தது.

இதில் வியக்க ஒன்றுமில்லை என்பதுதான் லோகேஸ்வரியின் கருத்து. பிறந்ததிலிருந்து வெளியே கிடந்த நாய், பெயரும் வெளியே, அது எங்கே படுத்தாலும் அந்த இடம் வெளியேதான். ஆனால் எந்த ஊர் வெளியே என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் பிடித்தது. பிரிக்பீல்ட்ஸில் வெயில் காய்ந்த நேரத்தில் ஹாலில் தூறியது. முகுந்தனுக்குப் போன் போட்டாள். "இங்க இப்பதான்க்கா பிடிச்சிருக்கு. உங்க பழைய வாசல்ல தண்ணி ஓடுது" என்றார். காலையில் கிள்ளான் வெயில் அடித்தது, பத்து மணிக்குத் துறைமுகத்துப் பக்கத்து உப்புக் காற்று வீசியது, பக்கத்து வீட்டு மாமரத்துப் பிஞ்சு ஒன்று எங்கிருந்தோ டொக்கென்று விழுந்தது. கோப்பி அந்த எல்லைக் கோட்டில் உட்கார்ந்து, முன்னங்காலில் ஒன்றை மட்டும் மழைக்குள் நீட்டி, எடுத்து, உதறி, மறுபடி நீட்டியது. சபாபதி தன் நாற்காலியை அங்கே தள்ளும்படி இடது கையைக் காட்டினார். அசையாத வலது கையை லோகேஸ்வரி தூக்கி வெயிலில் வைத்தாள். அன்று மதியம் ரசச் சோறு முழுத் தட்டும் சாப்பிட்டார்.

ஏழு வாரம் கழித்து, யாரோ பெயர் போடாமல் நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டார்கள். குலைக்கிற சத்தம் கேட்கிறது என்று. நாய் உள்ளே இருப்பது உறுதியானால் மூன்று நாளில் அகற்ற வேண்டும். லோகேஸ்வரி அந்தக் கடிதத்தை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். நாய் போனால் தட்டும் திரும்பிவிடும், சட்டை மறுபடி வழுக்கும். வேறு கணக்கு அவளுக்குத் தேவைப்படவில்லை. பார்வையிட வந்தவர் நிர்வாகி ஷம்சுதீன். கீழே காவல்காரர் உட்காரும் ஜாகா கொட்டகைக்குப் பின்னால் ஆறு தெருப் பூனைகளுக்குச் சொந்தச் செலவில் குடும்பக் கட்டுப்பாடு செய்துவைத்து, தினமும் தீனி போடுகிறவர். பதினான்கு வருடத்தில், கண்ணால் காணாத எதையும் பாரத்தில், அதாவது சோதனைப் படிவத்தில், எழுதியதில்லை.

"ஆன்டி, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு நாய் மேல கோபம் இல்ல, ரூல்ஸ் மேலயும் கோபம் இல்ல. ரெண்டும் ஒரே பில்டிங்ல இருக்கறதுதான் தலைவலி."

"உள்ள வந்து பாருங்க தம்பி."

"அது ஈரமா இருக்கு ஆன்டி. பட்டுடுச்சுன்னா நான் ஏழு தடவை கழுவணும், தொழுகைக்கு லேட்டாயிடும். இங்கேருந்தே பாக்குறேன்."

செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். நாய் மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு மைனா இறங்கி, தட்டில் ஒட்டியிருந்த சோற்றைக் கொத்திவிட்டுப் போனது. பிறகு இருட்டிக்கொண்டு வந்து, சாய்ந்தடித்த மழையில் அவர் சட்டைக் காலரும் கையிலிருந்த பாரமும் நனைந்தன. குனிந்து, நாய்க்கு மேலே அண்ணாந்து பார்த்தார். அங்கே சீலிங் இல்லை. சாம்பல் வானமும், இரண்டு மின்கம்பியும், ஒரு மாமரக் கிளையும் இருந்தன.

"வீட்டுக்குள்ள மழை பெய்யுது லா ஆன்டி."

"வீட்டுக்குள்ள இல்ல தம்பி, நாய் இருக்கற இடத்துல."

"அப்ப நாய் இருக்கற இடம் வீட்டுக்குள்ள இல்லையா?"

"அதை நீங்கதானே எழுதணும்? நான் சொன்னா சரியா வருமா?"

பாரத்தில் இரண்டு கட்டம் இருந்தது. டாலாம் என்றால் உள்ளே, லுவார் என்றால் வெளியே. கீழே, வீட்டில் உள்ளவரின் வாக்குமூலம் என்று ஒரு வரி. ஷம்சுதீன் பேனாவை உதறிக்கொண்டு சபாபதியிடம் திரும்பினார். "அங்கிள், நீங்களே சொல்லுங்க. நாய் எங்க இருக்கு?" லோகேஸ்வரி புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள். சபாபதி அவரைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "வெளியே" என்றார். நாய் தலையைத் தூக்கி வாலை ஒரு தடவை தரையில் அடித்தது. ஷம்சுதீன் லுவார் கட்டத்தில் அழுத்தமாகச் சரி போட்டு, கையெழுத்து வாங்க முடியாததால் நாற்காலியை வாசலுக்குத் தள்ளிவரச் சொல்லி, சபாபதியின் இடது கைப் பெருவிரலில் மை தடவி உருட்டிக்கொண்டார். படி இறங்கப் போனவர் திரும்பி வந்தார். "வெளியே வளர்க்கற நாய்க்குக் கொசுக்கடி ஜாஸ்தி ஆன்டி. நெஞ்சுப் புழுவுக்கு மாசாமாசம் மாத்திரை குடுக்கறீங்களா?" கொடுக்கிறோம் என்றாள். நல்லது என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு யாரும் புகார் எழுதவில்லை. எட்டாவது மாடிப் பெண் மோர் மிளகாய் காயவைக்கத் தட்டோடு வந்தாள். கிள்ளானுக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலையில் கதவைத் தட்டி, குடை வேண்டுமா என்று கேட்டுப்போனார்கள். வாணி மாதம் ஒருமுறை மாமரச் சருகைப் பெருக்கி அள்ளினாள். நாய்க்குப் பன்னிரண்டு வயது முடிந்தது, பின்னங்கால் தளர்ந்தது. சபாபதியின் இடது கை நாற்காலிச் சக்கரத்தை உருட்டப் பழகியது. பேச்சு மட்டும் அதே ஒரு சொல்லில் நின்றது.

நவம்பரில் ஒரு மதியம் கிள்ளானில் பெரிய இடி மழை. ஹாலில் வானம் கறுத்து, மின்னல் வெட்டி, டிவிக்கு முன்னால் சுவர் அதிர இடித்தது. பழைய வீட்டிலென்றால் நாய் லோரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இங்கே லோரிக்கு எங்கே போவது? நடுங்கிக்கொண்டு, எழ முடியாமல், தண்ணீரில் கிடந்தது. சபாபதி அதையே பார்த்தார். வாய் கோணிக் கோணி எதையோ தேடியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"உள்ளே" என்றார்.

லோகேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். சபாபதி மறுபடியும், இந்த முறை தெளிவாக, "உள்ளே" என்றார். நாய் அவரைப் பார்த்தது. காதை முன்னால் நீட்டிக் கேட்டது. ஆனால் நகரவில்லை. பன்னிரண்டு வருடத்தில் யாரும் அதனிடம் சொல்லியிராத சொல், அதற்கு எப்படிப் புரியும்? யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து, தலையை மறுபடி தண்ணீரிலேயே வைத்துக்கொண்டது.

சபாபதி இடது கையால் சக்கரத்தை உருட்டினார். ஒரு முழம், இன்னொரு முழம். முதலில் கால் நனைந்தது, பிறகு மடி, பிறகு தலை. நாயின் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி, கையைத் தொங்கவிட்டு அதன் கழுத்தில் வைத்துக்கொண்டார். நாயின் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"என்னங்க, நனையறீங்களே" என்றாள் லோகேஸ்வரி. சொன்னாலும் வரமாட்டார் என்று தெரியும். டிவியில், கிள்ளானில் மழை மாலை ஆறு மணிவரை நீடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டு பேருக்கு ஆகிற அளவுக்கு வெந்நீர் வைத்துவிட்டு, அலமாரியில் பெரிய துண்டு இரண்டு எடுக்கப் போனாள்.