அவசர எண்ணுக்கு ஒரு நிறம்

பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வெப்சைட் செய்கிறேன். ஐந்து டிராஃப்ட் காட்டியாகிவிட்டது. நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ஆம்புலன்ஸ் எண் பளிச்சென்று தெரிய வேண்டும்.

காரணம் இருக்கிறது. ஐயப்பன்தாங்கலில் என் கீழ்வீட்டு தாட்சாயிணி அக்காவின் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது, வேறொரு ஆஸ்பத்திரியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “நம்பர் எங்க கார்த்திகா?” என்று அக்கா போனை என்னிடம் நீட்டினாள். எண் இருந்தது, மங்கலாக. தேடியதில் நேரம் போயிற்று. அவருக்கு இன்றும் வலது கை விளங்கவில்லை.

இங்கே டாக்டர் ஸ்ரீகாந்துக்கும் மேனேஜர் பூபாலனுக்கும் வேறு கவலை.

“கருப்பா? சாவு ஊட்டு போஸ்டர் மாதிரி கீது. வாணாம்மா” என்றார் பூபாலன்.

சிவப்பு வைத்தேன். அது ஒரு கட்சி. பச்சை இன்னொரு கட்சி. நீலம் போட்டால் ஒரு சாதியாம். காவியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து படுக்கிற இடமாம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, வெள்ளைப் பக்கத்தில் வெளிர் சாம்பல் எழுத்து மட்டும் மிஞ்சியது.

“இதுதான்மா டீசண்ட்” என்றார் டாக்டர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், வாசலுக்கு வாங்க. வெயில்ல நின்னு உங்க போன்ல படிங்க.”

பூபாலன் பின்தொடர டாக்டர் வந்தார். மெட்ரோ வேலைத் தூசிக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பத்து இலக்கத்தையும் கடகடவென்று ஒப்பித்தார். “தெளிவா தெரியுதே!”

டிராஃப்டில் அவர்கள் எண்ணை நான் போடவே இல்லை. வேலை முடியும்வரை என் எண்ணைப் போட்டு வைப்பதுதான் என் பழக்கம். அவர் படித்தது தன் ஞாபகத்தை.

“சார், அதுல இருக்கிறது என் நம்பர்!”

டாக்டர் போனை முகத்தருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். பூபாலன்தான் வழி சொன்னார்: “அதுக்கு இன்னாம்மா? நம்ம நம்பரைப் போட்டுட்டா சரியா பூடும்ல?”

டாக்டர் அப்பாடா என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும், பக்கவாதம் எனக்கே வந்துவிடும்போல இருந்தது. இவர்களுக்கு எண் மனப்பாடம். அதைத் தேடப் போகிறவள் அடுத்த தாட்சாயிணி அக்கா அல்லவா!

வாசல் பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். எண்ணைக் கன்னங்கரேல் என்று மாற்றி, இரண்டு மடங்கு பெரிதாக்கினேன்.

“கருப்பு!” என்று பதறினார் பூபாலன்.

“ஆமா, கருப்புதான். மறுபடி சாம்பலாக்கணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க. சார், இப்ப படிங்க.”

டாக்டர் போனில் பக்கத்தைப் புதுப்பித்தார். ஒவ்வொரு இலக்கமாக, மெதுவாகப் படித்தார். என் எண்ணைப் படித்தார்.